லிஃப்ட் இல்லை, சாய்தளம் இல்லை, 10 மாத அட்வான்ஸ்: முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாடகை வீடு எங்கே?

வீடு தேடும் செயலியைத் திறந்தால் கேள்விகள் வரிசையாக வரும். பேச்சிலரா, ஃபேமிலியா? சைவமா, அசைவமா? பைக் நிறுத்த இடம் வேண்டுமா? லிஃப்ட் இருக்கிறதா என்பதுவரைகூடத் தெரிந்துவிடும். ஆனால், தெருவிலிருந்து அந்த லிஃப்ட் வாசலுக்குப் போக எத்தனை படி ஏற வேண்டும், பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம், அதில் சக்கர நாற்காலி நுழையுமா என்று பார்க்க நினைத்தால் அநேகமாகப் பதில் கிடைக்காது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஊரிலிருக்கும் அம்மா, அப்பாவைச் சென்னைக்கு அழைத்துவந்து பக்கத்துத் தெருவிலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக் கொடுக்கலாம் என நினைக்கும் ஐடி ஊழியருக்கு இந்தச் சிக்கல் முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். புரோக்கர் காட்டும் வீடு மூன்றாவது மாடியில் இருக்கும். அதிர்ஷ்டவசமாகக் கீழ்வீடு கிடைத்தால், ஹவுஸ் ஓனர் தயங்குவார்: "வயசானவங்க ரெண்டு பேர் மட்டுமா? கூட யாரும் இருக்க மாட்டாங்களா? ராத்திரியில ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடறது?" அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. பயம், அவ்வளவுதான். கடைசியில் மகனோ மகளோ அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி கைக்கு வரும்.

இதுவே சம்பளம் வாங்கும் பிள்ளை இருப்பவர்களின் கதை. பிள்ளை இல்லாதவர், இருந்தும் கவனிக்கப்படாதவர், தனியாக வேலைக்குப் போய்வரும் மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு? அரசின் வீட்டு வசதித் திட்டங்கள் இவர்களையும் கணக்கில் எடுக்கின்றன. ஆனால், பெரும்பாலும் சொந்த வீடு கொடுப்பதைப் பற்றித்தான் அவை யோசிக்கின்றன. நியாயமான வாடகையில், உடம்புக்கு ஏற்ற வீடு என்ற ஒன்று நம் திட்டங்களில் இன்னும் தனி இனமாகவே உருவாகவில்லை.

எத்தனை பேரைப் பற்றிப் பேசுகிறோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் மாநில மக்கள்தொகையில் 13.6% என்றும், 2031இல் 18.2% ஆக உயர்வார்கள் என்றும் மத்திய அரசின் கணிப்புகள் சொல்கின்றன. கேரளத்தை அடுத்து வேகமாக முதுமையடையும் மாநிலம் நம்முடையது.

இரண்டையும் தனித்தனிப் பட்டியலாகப் பார்ப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. 72 வயதில் மூட்டு தேய்ந்து, ஒரு மாடி ஏறுவதற்குள் மூன்று முறை நிற்கும் பாட்டியிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்காது. சலுகைகளுக்குத் தேவையான 40% குறைபாட்டுச் சான்றிதழ் வாங்க அவர் முயன்றிருக்கவும் மாட்டார். காகிதத்தில் அவர் 'முதியோர்' மட்டுமே. படிக்கட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பென்ஷனையும் வாடகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்...

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை 1,500 ரூபாயானது. இதில் மத்திய அரசின் பங்கு ரொம்பவே சொற்பம்: 60 முதல் 79 வயது வரையிலான ஒருவருக்கு வெறும் 200 ரூபாய். தனியார் நிறுவனத்தில் பி.எஃப். பிடித்தம் செய்யப்பட்டு ஓய்வு பெற்றவருக்கான குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாய்.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போகக் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவுகோல். அதன்படி 1,200 ரூபாய் மட்டுமே வருமானம் உள்ளவர் கொடுக்கக்கூடிய வாடகை 360 ரூபாய். கொஞ்சம் வசதியானவரை எடுத்துக்கொள்வோம். பென்ஷனும் பிள்ளை அனுப்பும் பணமும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் வருகிறது என்றாலும் 3,600 ரூபாய்தான். சென்னையில் அந்தக் காசுக்கு லிஃப்ட் உள்ள வீடு என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

அட்வான்ஸ் தனிக் கதை. தமிழ்நாட்டின் நில உரிமையாளர் - வாடகைதாரர் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அது. ஆனால், 'இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர' என்று ஒரு வாலும் அந்தப் பிரிவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? எட்டாயிரம் வாடகைக்கு 24,000 ரூபாய் முன்பணம் என்பது சட்டத்தின் கணக்கு. பத்து மாதம், 80,000 ரூபாய் என்பது தெருவின் கணக்கு. வயதையோ உடல் குறைபாட்டையோ காரணம் காட்டி வீடு தர மறுக்கக் கூடாது என்ற பிரிவும் அந்தச் சட்டத்தில் இல்லை.

ஒதுக்கீடு இருக்கிறதே, அப்புறம் என்ன?

இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 37: அரசின் வீட்டுத் திட்டங்களில் 5% ஒதுக்கீடு, அதில் பெண்களுக்கு முன்னுரிமை. நல்ல சட்டம். ஆனால் வீடு ஒதுக்கீடானாலும் பயனாளி தன் பங்குத் தொகையைக் கட்ட வேண்டும். கையில் சேமிப்பு இல்லாதவர், வங்கிக் கடன் கிடைக்காத வயதில் இருப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். 68 வயதுக்காரருக்கு 20 வருட வீட்டுக் கடன் யார் தருவார்கள்?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 வேறு ஒரு கோணத்தில் வருகிறது. மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு முதியோர் இல்லம், அதில் ஆதரவற்ற 150 பேருக்காவது இடம் என்கிறது. அதுவும் மாநில அரசு 'அமைக்கலாம்' என்ற அளவில்தான். தவிர, முதியோர் இல்லம் என்பது கடைசிப் புகலிடம். தானே சமைத்து, தன் சாவியில் தன் கதவைத் திறந்து வாழ முடிகிற ஒருவருக்கு அது பதில் ஆகாது. மறுமுனையில் கோவையைச் சுற்றி முளைத்திருக்கும் 'ரிடையர்மென்ட் கம்யூனிட்டி'கள். கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, அவசர பஸ்ஸர் எல்லாம் அங்கே உண்டு. அவற்றுக்கு என மத்திய அரசு 2019இல் மாதிரி வழிகாட்டுதல்களையே வெளியிட்டது. ஆனால், அங்கே போகப் பெரும் சேமிப்பு வேண்டும். இல்லத்துக்கும் ரிசார்ட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் நிற்கிறது.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0 இந்த இடைவெளியை ஓரளவு தொடுகிறது. அதன் நான்கு பிரிவுகளில் ஒன்று வாடகை வீடுகளுக்கானது. அந்தப் பிரிவு யாருக்கு? வேலைக்குப் போகும் பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், புலம்பெயர்ந்தோர், வீடற்றவர்கள், ஆதரவற்றவர்கள், மாணவர்கள், 'தகுதியுள்ள பிறர்'. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் திட்டம் முழுவதிலும் முன்னுரிமை உண்டு என்றாலும், வாடகைப் பிரிவின் பட்டியலில் அவர்கள் அந்தப் 'பிற'ருக்குள் போய்விடுகிறார்கள். இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. தொழிலாளிக்காகக் கட்டினால் பங்க் பெட் போட்ட அறையும் பொதுக் கழிவறையும் வரும். பெயர் யாருடையதோ, வரைபடமும் அவருக்குத்தான்.

தரைத்தளம் காணாமல் போன கதை

'அவங்களுக்குக் கீழ்வீடு கொடுத்துட்டா போச்சு' என்பதுதான் இத்தனை காலம் நம்முடைய தீர்வாக இருந்தது. முன்பு குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளிலும், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளத்தில் முன்னுரிமை தருவதே வழக்கம்.

இப்போது அந்தக் கீழ்வீடே அரிதாகிவருகிறது. சென்னையில் எந்தத் தெருவிலும் புதிய கட்டிடத்தைப் பாருங்கள்: கீழே தூண்கள், கார்கள். வீடு ஆரம்பிப்பதே முதல் மாடியில். பார்க்கிங் சிக்கலுக்கு ஸ்டில்ட் ஒரு விடை என்பது உண்மை. ஆனால், அது விழுங்கியது யாருடைய வீட்டை என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம் வெள்ளம். 2015க்குப் பிறகும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அஸ்திவாரத்தை உயர்த்திக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. நியாயம்தான். கூடவே ஒரு கணக்கு இருக்கிறது. சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தின் சரிவு 1:12 இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதாவது, தரையை ஓர் அடி உயர்த்தினால் 12 அடி நீளத்துக்குச் சாய்தளம். இரண்டடி உயர்த்தினால் 24 அடி. அரை கிரவுண்டு மனையின் முகப்பே பல இடங்களில் 20 அடிதான்! கட்டி முடித்த பிறகு சாய்தளம் போட நினைத்தால் இடம் இருக்காது. அப்படியும் போட்டால் அது பைக் ஏற்றும் செங்குத்துச் சரிவாகத்தான் இருக்கும். சக்கர நாற்காலியைத் தனியாக அதில் தள்ளிக்கொண்டு ஏறச் சொல்வது சர்க்கஸ்.

சரி, உயரமாகக் கட்டி லிஃப்ட் வைத்துவிட்டால்? நகரின் மையத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, பெரும்பாக்கத்தில் வாரியம் எட்டு மாடி அடுக்குகளைக் கட்டியது. லிஃப்ட் பழுது என்பது அங்கு குடியிருப்பவர்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் புகார். ஏழாவது மாடியில் இருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கு லிஃப்ட் நின்றுபோன நாள் எப்படி இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. லிஃப்டை வாங்குவது கட்டுமானச் செலவு. ஓட வைப்பது மாதச் செலவு. முதலாவதற்குத் திட்டத்தில் பணம் இருக்கிறது. இரண்டாவதற்கு யார் பொறுப்பு என்பது வீடு கட்டும்போதே எழுதப்பட வேண்டும்: ஒரு பிளாக்குக்கு ஒன்றுக்கு இரண்டு லிஃப்ட், ஜெனரேட்டர் இணைப்பு, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், பழுதானால் இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை.

மூன்றடிக் கதவு

வீட்டுக்குள் நிலைமை இன்னும் எளிது. அதனால்தான் எரிச்சலும் அதிகம். கதவைத் திறந்தால் குறைந்தது 900 மி.மீ., அதாவது ஏறக்குறைய மூன்றடி வழி கிடைக்க வேண்டும் என்பது இந்தியாவின் அணுகல் வழிகாட்டுதல் சொல்லும் அளவு. நம் பாத்ரூம் கதவுகள் வழக்கமாக இரண்டரை அடி; சட்டம் போக மிஞ்சுவது அதற்கும் குறைவு. நடுத்தர அளவு சக்கர நாற்காலி அங்கேயே மாட்டிக்கொள்ளும். வரைபடத்தில் இந்த அரை அடியைக் கூட்ட ஒரு கோட்டை அழித்துப் போட்டால் போதும். கட்டிய பிறகு என்றால் சுவரை உடைத்து, லிண்டலை மாற்றி, டைல்ஸ் ஒட்டி, பூசி...

கழிவறைச் சுவரில் பிற்பாடு கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டுமானால் சுவர் அந்தப் பளுவைத் தாங்க வேண்டும். மெல்லிய தடுப்புச் சுவரில் போட்ட கம்பி, பிடித்தவரோடு சேர்ந்து கீழே வந்துவிடும். காது கேளாதவருக்குக் காலிங் பெல் அடித்தால் விளக்கு எரியும் இணைப்பு வேண்டும். பார்வையற்றவருக்குப் படிக்கட்டின் தொடக்கமும் முடிவும் காலுக்குத் தெரிய வேண்டும். ஸ்விட்ச் போர்டு உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். எல்லாம் சில்லறைச் செலவுகள். ஆனால், எல்லாமே முன்கூட்டி முடிவாக வேண்டியவை.

'இதெல்லாம் செய்தால் நல்லது' என்ற நிலையில் இருந்த விதிகளைப் பற்றித்தான் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதுரி வழக்கில் தீர்ப்பளித்தது. அணுகல் வசதியை 2016 சட்டம் கட்டாயமாக்குகிறது. ஆனால், அதன் கீழ் எழுதப்பட்ட 15ஆம் விதி வெறும் பரிந்துரையாக நிற்கிறது. ஆகவே அந்த விதி செல்லாது என்றது. பேரம் பேச முடியாத கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் தனியாகப் பிரித்து எழுத வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இங்கே ஒரு விஷயம்: சென்னையில் 2024இல் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றப் படியேறி வாங்கிய பேருந்துகள் அவை. பேருந்தின் தரை தாழ்ந்துவிட்டது. வீட்டு வாசலிலிருந்து அந்த நிறுத்தம்வரை வருவதற்குத்தான் வழி இல்லை.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள்?

சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்தான் பெரும்பான்மை மக்களின் வீடுகளைக் கட்டுகிறது. வசதியில்லாதவர்களுக்கு அது ஓரறை, ஈரறை வீடுகளை வாடகைக்கும் விடுகிறது. வாடகையை நிர்ணயிப்பது வருமானம். மிகக் குறைந்த வருமானக்காரருக்கு ஓரறை வீடு மாதம் 26 வெள்ளியில் தொடங்குகிறது; நம் காசில் இரண்டாயிரத்துக்கும் கீழே. 2021இல் 65 வயதைக் கடந்தவர்களுக்காகப் புக்கிட் பாத்தோக்கில் ஒரு புதுவகைக் குடியிருப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 32 சதுர மீட்டர் வீடு, 15 ஆண்டு முதல் 35 ஆண்டு வரை குத்தகை. வீட்டோடு சேவைத் தொகுப்பையும் கட்டாயம் வாங்க வேண்டும்: நலம் விசாரிக்க ஒரு மேலாளர், 24 மணி நேர அவசர உதவி. எல்லாம் பொன் என்றும் சொல்ல முடியாது. தனியாள் ஓரறை வீட்டுக்கு விண்ணப்பித்தால் வழக்கமாக இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். எழுபது வயதில் முன்பின் தெரியாதவரோடு ஒரே அறை என்பது பலருக்கும் கசப்புதான்.

அமெரிக்காவில் 1959 முதல் இருக்கும் 'பிரிவு 202' திட்டம், 62 வயதைக் கடந்த ஏழைகளுக்கான வாடகை வீடுகளைக் கட்ட லாப நோக்கற்ற அமைப்புகளுக்குப் பணம் தருகிறது. குடியிருப்பவர் வருமானத்தில் 30% கட்டுவார்; மிச்சத்தை அரசு ஈடுகட்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு 1990 முதல் 'பிரிவு 811'. காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும் என்பது அங்குள்ள பிரச்சினை.

ஆனால், அரசுக்குக் காசே செலவாகாத ஒன்றும் அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளி வாடகைதாரர் தன் சொந்தச் செலவில் கைப்பிடிக் கம்பி போடவோ, கதவை அகலப்படுத்தவோ கேட்டால் ஓனர் காரணமின்றி மறுக்க முடியாது. காலி செய்யும்போது பழையபடி மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். 1988இல் கொண்டுவந்த திருத்தம் இது. 'ஆணி அடிக்கக் கூடாது' என்று அக்ரிமென்ட்டிலேயே எழுதும் ஊரில் இதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என யோசித்துப் பாருங்கள்.

சாவி மட்டும் போதாது

வெளிநாட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட 'தி பேன்யன்' அமைப்பு, மனநோயால் வீடிழந்த பெண்களுக்காக வேலை செய்கிறது. குணமான பிறகும் திரும்பிப்போக வீடில்லாமல் காப்பகத்திலேயே வருடங்களைக் கழித்தவர்களுக்காக அது செய்த காரியம் எளிமையானது: சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்தது. நான்கைந்து பேர் ஒரு வீட்டில். சமையல், சந்தை, அக்கம்பக்கம் எல்லாம் அவர்களே. தேவைப்படும் அளவுக்கு உதவ ஒரு பணியாளர். 'ஹோம் அகெய்ன்' என்று பெயர். மனநோயும் 2016 சட்டத்தின்படி மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றுதான். கட்டிடம் எதையும் எழுப்பாமல், ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் பொறுப்பேற்க ஓர் அமைப்பு வந்து நின்றது. 'ராத்திரியில ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடறது?' என்ற ஓனரின் கேள்விக்கு ஒரு போன் நம்பர் கிடைத்தது.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் பேசினால் ஒரே ஒரு கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும்: "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பாத்துப்பா?" தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ் பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால், அந்தப் பாதுகாவலர் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு வாடகை வீடும், அங்கே தினமும் எட்டிப் பார்க்க ஓர் ஆளும் வேண்டுமே. சுவருக்கு நிதி ஒதுக்கும் துறையும் அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய துறையும் வேறு வேறு என்பதால், இந்தச் செலவு எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

'அரசு ஹவுஸ் ஓனராக இருப்பதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்கலாம். ஏற்கனவே இருக்கிறது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அரசு ஊழியர்களுக்கான வாடகைக் குடியிருப்புகளைப் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. வாடகை வசூலிப்பது, காலி செய்ய வைப்பது, வெள்ளையடிப்பது எல்லாம் அதற்குத் தெரிந்த வேலை. இடமும் இல்லாமல் இல்லை. 1970களில் நகருக்குள் கட்டிய பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு உயரமாக எழுகின்றன. மருத்துவமனையும் ரேஷன் கடையும் பஸ் ஸ்டாப்பும் ஏற்கனவே பக்கத்தில் இருக்கும் மனைகள் அவை. அங்கே கூடுதலாக வரும் வீடுகளில் ஒரு பங்கை விற்காமல், வருமானத்துக்கேற்ற வாடகைக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்காக முதியோரை மட்டும் ஒரே பிளாக்கில் அடைக்கக் கூடாது. எல்லா மாடியிலும் கலந்து இருந்தால்தான் 'பக்கத்து வீட்டுப் பாட்டி ரெண்டு நாளா வெளிய வரலையே' என்று கவனிக்க ஆள் இருக்கும்.

மத்திய அரசின் 2.0 திட்டம் 2029வரை ஓடும். அதன் வாடகைப் பிரிவில் கட்டப்போகும் வீடுகளுக்கான வரைபடங்கள் தயாராகும் காலம் இது. அதுவரை பெற்றோருக்கு வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பு ஒரு இஞ்ச் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். பாத்ரூம் கதவைத் திறந்து வழியை அளந்து பாருங்கள். லிஃப்ட் இருந்தால் கரண்ட் போனால் ஓடுமா என்று கேளுங்கள். லிஃப்ட் வாசலுக்கு முன்னால் இரண்டு படி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். கம்பி பொருத்திக்கொள்ள அனுமதி உண்டு என்பதையும், முன்பணம் எத்தனை மாதம் என்பதையும் அக்ரிமென்ட்டில் எழுதி வாங்கி, அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யுங்கள். அம்மா, அப்பா பெயரிலேயே.